ஐந்து சீட்டு, ஒரு அட்டை

மஞ்சப்பையிலிருந்து முதலில் வந்தது வர்க்கிப் பொட்டலம். அடுத்து ஒரு கம்பளிக் குல்லா. அதற்கும் அடியில், பழைய காலண்டர் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட தாய் சேய் நல அட்டை. ஒரு மடிப்புகூடக் கிழியவில்லை.

"எப்பவும் கொண்டாருவேன் சிஸ்டர். யாரும் கேக்கல" என்றார் அந்த அம்மா. குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை என்பதுபோல் சொன்னார்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. குழந்தை மருத்துவராக மாதத்துக்குச் சில நாட்கள் அங்கே போகிறேன். மற்ற நாட்களில் அங்கிருக்கும் பொது மருத்துவர்களும் செவிலியர்களும்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. மருத்துவமனையின் பெயரும் குழந்தையின் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் இந்தக் கட்டுரையில் வராது. நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

அது ஜூலை மாதம். பாப்பாவுக்கு 19 மாதம், இருமலும் காய்ச்சலும். வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன ஒரு ஸ்டாஃப் நர்ஸ், முன்பு வேலை பார்த்த இடத்துப் பழக்கத்தில், "அட்டை இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் பாப்பா ஐந்தாவது முறையாகவும் வெறும் மருந்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அட்டை சொன்னதும் சீட்டுகள் சொன்னதும்

அட்டையின் முதல் பாதி ஒழுங்காக இருந்தது. பிறந்த அன்றே காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் தேதி தவறவில்லை. 14-ஆவது வாரத்து ஊசி மட்டும் ஐந்தாம் மாதத்தில் விழுந்திருந்தது. அம்மா மேட்டுப்பாளையத்தில் தாய்வீட்டில் இருந்த காலம் அது. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்தான். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி (எம்.ஆர். என்றுதான் எல்லாரும் சொல்கிறோம்) இல்லை. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊக்க ஊசி இல்லை, போலியோ ஊசியின் மூன்றாம் டோஸ் இல்லை, வைட்டமின் ஏ இல்லை. 16 மாதத்தில் தொடங்கும் ஊக்க ஊசிகளும் இல்லை.

இதை மட்டும் பார்த்தால் யாரும் சொல்லக்கூடியது, "எஸ்டேட் ஜனங்க, விழிப்புணர்வு இல்ல." நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பதிவு அறையில் பழைய ஓ.பி. சீட்டுகளைத் தேடச் சொன்னதும் கதை மாறிவிட்டது. அந்த வெற்றுக் கட்டங்களின் காலத்தில் பாப்பா இதே மருத்துவமனைக்கு நான்கு முறை வந்திருக்கிறாள். இன்றைய சீட்டோடு ஐந்து.

ஒன்பதாம் மாதம், சளி. சீட்டில் "சளி குறைந்ததும் தடுப்பூசிக்கு வரவும்" என்று எழுதியிருந்தது. சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, எடை குறைவு, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. எழுதியவர் நல்ல மருத்துவர். தேர்வில் கேட்டால் இதையே சரியாக எழுதிவிடுவார்.

பதினோராம் மாதம், பேதி. உப்பு-சர்க்கரைக் கரைசல், 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை. வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. அட்டையை யாரும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான்.

பதின்மூன்றாம் மாதம், கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. கட்டுப்போட்ட அறையில் யாரோ தடுப்பூசி நினைவு வந்து "புதன்கிழமை வாங்க" என்று சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். தேயிலைக் கொழுந்து ஏறியிருக்கும் மாதத்தில் புதன்கிழமை லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. கட்டு மாற்ற வந்த நாட்களெல்லாம் வேறு கிழமைகள். புதன் அன்று மட்டும் அவர் வரவில்லை.

பதினாறாம் மாதம், இருமல். கூடவே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 11.1. பக்கத்தில் ஒரு டிக், "நார்மல்."

இந்த டிக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது மலைக்கே உரிய தவறு. ஐந்து வயதுக்குள் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று படித்திருக்கிறோம். அந்த 11 கடல் மட்டத்துக்கான கணக்கு. உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஆகவே மலையில் எடுத்த அளவிலிருந்து ஒரு பகுதியைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 1,500 மீட்டரில் 0.5, ஊட்டி போல 2,000 மீட்டர் தாண்டிய இடத்தில் 0.8. 2024-இல் வந்த புதிய வழிகாட்டி இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான வரம்பை 10.5 ஆக்கிவிட்டு, உயரத்துக்கான கழிவைக் கூட்டியது: 1,500-க்கு மேல் 1.1, 2,000-க்கு மேல் 1.4. கோத்தகிரி 1,500-க்கு மேல்தான். எங்கள் பாப்பாவின் 11.1-ஐப் பழைய கணக்கில் போட்டால் 10.6, வரம்பு 11. புதிய கணக்கில் போட்டால் 10.0, வரம்பு 10.5. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சோகைதான். லேப் சீட்டில் அச்சடித்திருக்கும் வரம்பு கீழ்நாட்டிலிருந்து வந்த மென்பொருளில் இருப்பது. அதற்கு மலை தெரியாது. அத்தனை வருடம் அதே சீட்டில் கையெழுத்துப் போட்டுவந்த எனக்கும் அது உறைக்கவில்லை.

எடைக்கு வருவோம். ஐந்து சீட்டிலும் எடை இருந்தது, மருந்தின் அளவு கணக்கிட வேண்டுமே! 7.0, 7.1, 7.2, 7.4, 7.6. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு எண். ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து, அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு போனார் அந்த நர்ஸ். முதல் இரண்டு பச்சைப் பட்டையில். மூன்றாவது பச்சையின் ஓரத்தில். நான்காவது மஞ்சளில். ஐந்தாவது மஞ்சளின் உள்ளே. பத்து மாதத்தில் 600 கிராம். இதே பத்து மாதத்தில் நடுக்கோட்டில் வளரும் பெண் குழந்தை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும். கோடு ஏறவே இல்லை, படுத்துக்கிடந்தது. கையின் நடுப்பகுதிச் சுற்றளவை நாடா வைத்து அளந்தோம், 12.3 சென்டிமீட்டர். 11.5-க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு, 12.5 வரை நடுத்தரம். நாடாவும் மஞ்சள்தான் காட்டியது.

"காலையில பாப்பா என்ன சாப்பிடும்?" என்று கேட்டேன். அம்மா பொட்டலத்தைக் காட்டினார். டீயில் நனைத்த வர்க்கி. நீலகிரியில் இதைக் கேட்டு ஆச்சரியப்படுபவர் யாரும் இல்லை. என் வீட்டிலும் அதுதான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தினமும் காலையும் மாலையும் அதுவே சாப்பாடு என்றால், டீயிலிருக்கும் டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வயிறும் மைதாவால் நிறைந்துவிடும். முந்தைய நான்கு வருகைகளிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகச் சீட்டில் இல்லை. குடும்பம் வேறு எஸ்டேட்டிலிருந்து மாறி வந்ததால் இந்த ஊர் பால்வாடியில் பெயரும் இல்லை, சத்துமாவும் இல்லை.

நான் கொடுத்திருந்த பயிற்சி

இதே மருத்துவமனைக்கு முந்தைய ஆண்டுதான் "குழந்தை நல முன்தடுப்புப் பயிற்சி" என்று ஒரு முழுநாள் நடத்தியிருந்தேன். அட்டவணை, படங்கள், மதியம் பிரியாணி, மாலை சான்றிதழ். காலையில் ஒரு தேர்வு, மாலையில் அதே தேர்வு. மதிப்பெண் எல்லாருக்கும் ஏறியது. படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினேன். "சளி இருந்தால் தடுப்பூசி போடலாமா?" என்பது அந்தத் தேர்வின் கேள்விகளில் ஒன்று. "போடலாம்" என்று எல்லாருமே டிக் அடித்திருந்தார்கள், ஒன்பதாம் மாதச் சீட்டை எழுதியவர் உட்பட. அதாவது, அவர் அந்தச் சீட்டை எழுதியது என் பயிற்சிக்குப் பிறகு.

பழைய விடைத்தாளையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் வெட்கமாக இருந்தது. தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி என்று நினைத்திருந்தேன். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாமல் இல்லை. தெரிந்தது கைக்கு வருவதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளைப் பார்க்கும் 44 மருத்துவ நிலையங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, பாடத்தோடு நிற்காமல், நிலையத்தின் வேலைமுறையையே அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தார்கள். தடுப்பூசி, காசநோய், ரத்தசோகை, ரத்தத்தில் ஈய நச்சு ஆகிய நான்கிலும் வயதுக்கேற்ற கவனிப்பு கிடைத்த குழந்தைகளின் பங்கு 30 மாதத்தில் 7 சதவீதத்திலிருந்து 34 ஆனது. மறுபாதியில் 9-லிருந்து 10. முடிவு 2004-இல் வெளிவந்தது. 34 என்பதும் பெருமைப்படும் எண் அல்ல, மூன்றில் ஒரு பிள்ளைதான். ஆனாலும் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஈயம், இங்கே ஈயத்தின் இடத்தில் வேறு கவலைகள். அமைப்பும் வேறு, காப்பீடும் வேறு. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: பயிற்சி நடக்க வேண்டிய இடம் வகுப்பறை இல்லை, ஓ.பி.

வாசலிலிருந்து மருந்துக் கவுண்டர் வரை

ஆகஸ்டில் தொடங்கினோம். கூட்ட அறை இல்லை, புரொஜெக்டர் இல்லை. மதியம் ஓ.பி. ஓய்ந்ததும் முக்கால் மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் நாள் பாப்பாவின் ஐந்து சீட்டையும் அட்டையையும் (பெயரை மறைத்து) நகலெடுத்துக் கொடுத்து, "இந்தப் பிள்ளை எந்த வழியா நடந்துச்சோ அந்த வழியா நடப்போம்" என்றேன். மருத்துவர்கள், நர்சுகள், மருந்தாளுநர், எடை பார்க்கும் ஆயாம்மா, சீட்டு எழுதும் அண்ணன் எல்லாரும் நடந்தார்கள். சிரிப்பும் கேலியுமாகத்தான் ஆரம்பித்தது.

வாசல், சீட்டு ஜன்னல், எடை மேடை, டாக்டர் அறை, ஊசி அறை, மருந்துக் கவுண்டர். ஆறு இடத்திலும் ஓ.பி. சீட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது. அட்டை எந்த இடத்திலும் பையை விட்டு வெளியே வரவில்லை. ஊசி அறை நர்ஸ் நினைத்தது: டாக்டர் பார்த்திருப்பார். டாக்டர் நினைத்தது: தடுப்பூசி புதன்கிழமை நர்சின் வேலை. கிராம சுகாதார செவிலியர் நினைத்தது: ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பிள்ளைதானே, அங்கேயே போட்டிருப்பார்கள். குழந்தை இன்னொருவர் கையில் இருக்கிறது என்றே ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள்.

யோசனை சொன்னது சீட்டு எழுதும் அண்ணன்தான். "ஐந்து வயசுக்குள்ளன்னா நானே அட்டைய வாங்கி சீட்டு மேல கிளிப் போட்டுடறேன் சார். அட்டை மேல இருந்தா யாரும் அதத் தூக்காம சீட்டப் படிக்க முடியாதுல்ல?" முழுநாள் பயிற்சியில் அவரை நான் அழைத்திருக்கவே இல்லை. மருத்துவத் துறையில் 'சேவை வழங்குநர்' என்ற சொல்லை எத்தனையோ தாளில் எழுதியிருக்கிறேன்; சீட்டு ஜன்னல் அதில் சேரும் என்று தோன்றியதில்லை.

எடை மேடையில் ஆயாம்மா எடையைச் சீட்டில் எழுதுவதோடு வரைபடத்திலும் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார். வயது மாதத்தைச் சரியாக எண்ணுவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. ஒரு பழைய காலண்டர் அட்டையில் பிறந்த மாதத்துக்கு நேராக இன்றைய வயது வரும்படி மாதாமாதம் எழுதித் தொங்கவிட்டோம். அது போதுமாக இருந்தது. புள்ளி வைக்கத் தெரிந்த பிறகு அவர் கேட்கத் தொடங்கிய கேள்வி, "போன தடவ புள்ளி எங்க?" டாக்டர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது.

குப்பியும் பழியும்

எல்லாம் இப்படி இனிமையாக நடந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாவது அமர்வில் சண்டை வந்தது.

மூத்த நர்ஸ் ஒருவர் நேராகவே கேட்டார்: "வியாழக்கிழமை ஒரே ஒரு பிள்ளை வருது. அதுக்காக எம்.ஆர். குப்பிய ஒடச்சா மிச்சத்த நாலு மணி நேரத்துல கொட்டணும். கணக்கு யார் குடுக்கறது? நீங்களா டாக்டர்?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எம்.ஆர்., பி.சி.ஜி. இரண்டும் தூளாக வருபவை. கரைத்தால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), டி.பி.டி. (முத்தடுப்பு ஊசி) போன்ற திரவ ஊசிகள் அப்படியல்ல. குளிர்ச்சியும் சுத்தமும் காலாவதித் தேதியும் சரியாக இருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எங்கள் ஆட்கள் பயத்தில் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து, எல்லாவற்றையும் புதன்கிழமைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கொட்டிய மருந்தைவிடத் தட்டம்மை விலை கூடியது. இதைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. கடைசியில் பேசி முடித்தது இது: திரவ ஊசிகள் எந்த நாளும் உண்டு. எம்.ஆர். புதனோடு இன்னொரு நாளும் உண்டு. ஒரு வயதைத் தாண்டியும் எம்.ஆர். விழாத பிள்ளை எந்த நாள் வந்தாலும் குப்பி உடையும். அதற்கான வீணாக்கல் கணக்கில் என் கையெழுத்து. நான் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதால் இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து. "சளியோட ஊசி போட்டு, ராத்திரி காய்ச்சல் வந்தா, ஊசியாலதான்னு லயன் வீடுகள்ல பேசுவாங்க. பழி எனக்கு." பாடத்தால் போகாத பயம் இது. இதற்கு மருந்து தாயிடம் முன்கூட்டியே பேசுவதுதான். அரசுத் திட்டத்தில் ஊசி போட்டதும் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது: என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது, எங்கே; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவருவது. கூடவே அரை மணி நேரம் உட்காரச் சொல்வது. எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் சொல்லிப் பார்க்கச் சொன்னபோது ஒரு இளம் மருத்துவர் பத்து நொடியில் நான்கையும் ஒப்பித்துவிட்டார், ரயில்வே அறிவிப்பு மாதிரி. படுக மொழி பேசும் நர்ஸ் ஒருவர் தாயாக நடித்தார். இன்னொருவர் ஜார்க்கண்டிலிருந்து வந்த தாயாக, தமிழ் புரியாதவராக உட்கார்ந்தார். இப்போது எஸ்டேட்களில் அப்படி வருபவர்கள் அதிகம். கேட்டதைத் தாய் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை முடியாது என்பது விதி. இரண்டாம் தடவையில் இளம் மருத்துவர் வியர்த்துவிட்டார், கோத்தகிரிக் குளிரில்.

பனியும் ஐஸ் பேக்கும்

டிசம்பர் அமர்வு பாப்பாவின் சீட்டில் இல்லாத விஷயம். அதை எடுத்தது கிராம சுகாதார செவிலியர். நாங்கள் நர்சம்மா என்போம். அவர்தான் பயிற்சியாளர், நாங்கள் மாணவர்கள்.

தடுப்பூசி கெட்டுப்போவது சூட்டால் என்றே எல்லாரும் நினைக்கிறோம். பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி, டி.பி.டி. முதலியவை உறைந்தாலும் கெட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே கேரியருக்குள் (தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்ப்பெட்டி) வைக்கக்கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். கீழ்நாட்டில் இதற்கு அதிக நேரம் ஆகாது. உறைபனி விழும் காலையில் எங்கள் ஊரில்? "டீ குடிச்சு, இன்னொரு டீ குடிச்சு, ரெஜிஸ்டர் எழுதி முடிச்சாலும் கல்லு மாதிரியே கெடக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படியே வெச்சுட்டுப் போறவங்களப் பாத்திருக்கேன்" என்றார். குளிர் ஊர் என்பதால் மருந்துக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை தலைகீழானது அன்றுதான்.

பிறகு குலுக்கல் சோதனையைச் செய்து காட்டினார். ஒரே தொகுதியில் இரண்டு குப்பி. காலாவதியான ஒன்றை முதல் நாளே உறையவைத்து, "உறைந்தது" என்று எழுதி, உருகவிட்டிருந்தார். இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, ஜன்னலோரம் மேசையில் வைத்தார். நாங்கள் குனிந்து பார்த்தோம். ஒன்று பால் கலந்ததுபோல் அப்படியே நின்றது. மற்றதில் சிறு துகள்கள் திரண்டு, மெல்ல அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் தெரிந்தது. சந்தேகக் குப்பி உறைந்த குப்பியின் வேகத்தில் படிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். பதினைந்து வருட அனுபவமுள்ள ஒரு டாக்டர் "இத நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்" என்றார். 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது, முத்தடுப்பு ஊசியை நாட்டுக்கே தயாரித்துக் கொடுத்த இடம். அந்த மலையிலேயே உட்கார்ந்துகொண்டு, உறைந்த ஊசி எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்ததில்லை!

"சோகைன்னா சிரப்தானே?"

மருந்தாளுநர் கேட்டது இது. முக்கால் பங்கு சரி. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு நாள் 1 மில்லி இரும்பு-ஃபோலிக் சிரப், சோகை இல்லாவிட்டாலும் தடுப்புக்காகவே உண்டு. சோகை இருந்தால் தினமும், கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்ற கணக்கில் இரண்டு மாதம். ஒரு வயதானதும் குடற்புழு மாத்திரை, இரண்டு வயது வரை பாதி.

மீதிக் கால் பங்கு நீலகிரிக்கு உரியது. இருளர், குறும்பர், பணியர் குழந்தைகளிடம் அரிவாள் செல் சோகை இருக்கிறது. தென்னிந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே இந்த மலைகளில், 1952-இல். அந்தச் சோகை இரும்பு போதாமல் வருவதல்ல, சிவப்பணு சீக்கிரம் உடைவதால் வருவது. பரிசோதிக்காமல் பாட்டில் பாட்டிலாக இரும்பு கொடுத்துக்கொண்டே இருப்பது வைத்தியமாகாது. அந்தப் பிள்ளைக்கு அவசரம் வேறு: சின்ன வயதிலேயே பென்சிலினைத் தொடங்கி ஐந்து வயது வரை தினமும் கொடுக்க வேண்டும், நியூமோகாக்கல் ஊசி தவறக்கூடாது, வயிற்றின் இடதுபுறம் மண்ணீரல் வீங்குகிறதா என்று தொட்டுப்பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். இரண்டு மாதம் சிரப் குடித்தும் ஏறாத ஹீமோகுளோபினை மருந்தாளுநர் திருப்பி டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவானது. இந்தப் பகுதியில் நாங்கள் இன்னும் தடுமாறுகிறோம். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த குடும்பத்தை முடிவு சொல்ல மறுபடி வரவழைப்பது மலைப்பாதையில் சுலபமில்லை.

வளர்ச்சிப் படிகளைப் பற்றிய அமர்வு எதிர்பார்த்ததைவிடச் சின்னது. திருவனந்தபுரத்தில் உருவான 17 கேள்வி அட்டவணையை எடுத்துக்கொண்டோம். குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளில் (ஒவ்வொரு கோடும் ஒரு வளர்ச்சிப் படி) எதையாவது குழந்தை செய்யவில்லையென்றால் கவனிக்க வேண்டும். ஐந்தாறு நிமிடம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 9, 18, 30 மாதங்களில் எல்லாக் குழந்தைக்கும் முறையான வளர்ச்சிச் சோதனை சொல்கிறது. எங்களால் தற்போது முடிவது 9 மாதத்திலும் 18 மாதத்திலும். பாப்பாவுக்கு ஜூலையிலேயே பென்சிலை வைத்துப் பார்த்தேன். நடக்கிறாள், பொருளைக் காட்டினால் எடுக்கிறாள். வார்த்தை ஒன்றுகூட இல்லை. பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்பியது பாதி நேரம்தான். அம்மாவைக் கேட்டால், "அடிக்கடி காது ஒழுகும் டாக்டர். சளிதானே?"

ஜூலைக்குப் பிறகு

அன்றே மூன்று ஊசி போட முடிவெடுத்தோம்: வலது மேற்கையில் எம்.ஆர்., இடது தொடையில் டி.பி.டி. ஊக்க ஊசி, வலது தொடையில் நியூமோகாக்கல். கூடவே போலியோ சொட்டும் வைட்டமின் ஏ-யும். "ஒரே நாள்ல மூணா?" என்று தயங்கியது முதலில் அம்மா அல்ல, ஊசி அறை நர்ஸ். அம்மா கேட்டது வேறு: "இன்னைக்கே போட்டா மறுபடி எத்தன நாள் லீவு போடணும்?" ஒரு நாள், ஒரு மாதம் கழித்து, எம்.ஆர். இரண்டாம் டோஸுக்கு என்றதும் பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆகஸ்டில் சொன்ன தேதிக்கு வந்தார்.

பால்வாடியில் பெயர் சேர்ந்தது. டீ முழுதாக நிற்கவில்லை. சாப்பாட்டோடு கொடுப்பது நின்று, வர்க்கிக்குப் பதில் சத்துமாவு உருண்டையும் முட்டையும் வந்தன. சிரப் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது.

மருத்துவமனையில் எத்தனை சதவீதம் மாற்றம் என்று கேட்பவர்களுக்கு நான் எண் கொடுப்பதில்லை. எங்களிடம் வரும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கொஞ்சம் பேர். இரண்டு குடும்பம் எஸ்டேட் மாறினாலே சதவீதம் ஏறும், இறங்கும். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கிளிப் போட்ட அட்டையோடு வரும் பிள்ளைகளைப் பார்ப்பது இப்போது சாதாரணம். நடுவில் சீட்டு எழுதும் அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டு லீவில் போனபோது கிளிப்புகள் மேசை டிராயருக்குள்ளேயே கிடந்தன. மாற்று ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்து அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகு, ஜன்னலுக்கு வெளியே நோயாளிகள் பார்க்கும்படி "குழந்தையின் அட்டையை முதலில் கொடுங்கள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம், தமிழிலும் இந்தியிலும்.

காதுக்கு ஊட்டிக்கு அனுப்பிய முதல் தேதி நவம்பரில். அந்த வாரம் மழையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, போகவில்லை. டிசம்பரில் போனார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று எழுதிக்கொடுத்தார்கள். மார்ச்சில் மறுபடி போக வேண்டும். தேதியை ஆயாம்மா அட்டையின் பின்புறம் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்.

ஜனவரியில், 25-ஆவது மாதத்தில், எடை 9.0 கிலோ. புள்ளி இன்னும் மஞ்சளில்தான், பச்சைக்குக் கொஞ்சம் கீழே. நான்கு வார்த்தை பேசுகிறாள்: அம்மா, பால், வா, பஸ்.